கறிவேப்பிலைக்கு வந்த பொலிஸ்

2009ஆம் ஆண்டு மாரிகாலம். ஜெர்மனியின் கெல்சென்கிர்ச்சன் நகரில் ஒரு மாடிவீட்டில் நானும் என் கணவரும் இருந்தோம். அவருக்கு நரம்பு நோய். கால் தசைகள் திடீரென்று இறுகிக்கொள்ளும். இறுகினால் நித்திரையும் இல்லை, சாப்பாடும் இல்லை. எந்த மாத்திரைக்கும் அடங்காத அந்த வலி கடைசியில் கஞ்சாவுக்குத்தான் கேட்டது. வைத்தியரும் நாங்களும் சேர்ந்து நெடுநாள் மல்லுக்கட்டி, ‘அன்ட்ராக்’ என்கிற விண்ணப்பம் போட்டு, அதற்கு அரசாங்கத்தின் விசேட அனுமதி எடுத்திருந்தோம். சொந்தக்காரருக்கு மட்டும் மூலிகை மருந்து என்று சொல்லிவைத்திருந்தேன்.

அனுமதி கிடைத்தால் போதுமா, மருந்து வர வேண்டுமே. ஹொலன்டில் ஏதோ பெரிய மண்டபத்துக்குள் விளக்குப் போட்டு வளர்த்து, காயவைத்து, டப்பாவில் அடைத்து அனுப்புவார்கள். அனுமதியில் குறித்த ஒரே மருந்துக்கடையில்தான் வாங்கலாம். அங்கே போனால், இன்னும் வரவில்லை, அடுத்த கிழமை வாருங்கள். அடுத்த கிழமையும் அதே பல்லவி. பொறுக்க முடியாமல், வீட்டில் நாங்களே ஒரு செடி வைத்தால் என்ன என்று கேட்டேன். கடைக்காரர் பதறிவிட்டார். ஒரு செடி வைத்தாலும் குற்றம், இருக்கிற அனுமதியும் போய்விடும் என்றார். மண்டபத்தில் வளர்ப்பதென்றால் வீரியம் ஒரே அளவாக இருக்குமாம். வராத மருந்துக்கு என்ன அளவு என்று கேட்டுவிட்டு வந்தேன். இந்தப் பனிக்குள் யன்னலோரம் விளக்குப் போட்டு, சுவரில் வெள்ளித்தாள் ஒட்டி, கறிவேப்பிலையையே பிள்ளை மாதிரி வளர்க்கிறவள் நான்.

அந்த விளக்கே வினையாயிற்று. கீழ்வீட்டுக்காரர் படிக்கட்டில் மறித்து, யன்னலில் என்ன எந்நேரமும் வெளிச்சம் என்று கேட்டார். கறிவேப்பிலைக்கு ஜெர்மன் சொல் எனக்குத் தெரியாது. எங்களுடைய ‘க்ரவுட்’ என்றேன். இலைதழைக்கு அப்படித்தான் மொழி வகுப்பில் படிப்பித்தார்கள். ஹொலன்டிலிருந்து தங்கச்சி கொண்டுவந்தது, இது இல்லாமல் என் கணவருக்கு ஒருநாளும் சரிவராது என்று விளக்கமும் சொன்னேன். கஞ்சாவையும் இந்த நாட்டில் அதே சொல்லால் சொல்வார்கள் என்று எனக்கு யார் சொன்னார்கள்?

மறுநாள் காலை வாசலில் பொலிஸ், ஓர் ஆணும் ஒரு பெண்ணும். அந்த மனிதர் நேரே யன்னலுக்குப் போனார். வெள்ளித்தாளைக் கண்டதும் அவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது; களவாகக் கஞ்சா வளர்க்கிறவர்களும் அப்படித்தான் ஒட்டுவார்களாம். நான் அனுமதிக் கடிதத்தைத் தூக்கிக் காட்ட, அதில் கஞ்சா என்று இருந்ததைக் கண்டு நிலைமை இன்னும் மோசமானது. இது சமையலுக்கு என்றால், சமையலிலும் போடுகிறீர்களா என்று கேட்கிறார். அனுமதி பறிபோனால் என் கணவரின் கதி என்ன என்று அவர் பக்கம் திரும்பினேன்.

“இஞ்சாருங்கோ, நீங்களாவது சொல்லுங்கோவன்” என்றேன்.

அவர் சோபாவில் இருந்தபடியே, “இனிக் கறிவேப்பிலைக்கும் ஒரு அன்ட்ராக் போடுவம்” என்றார். சிரிக்கிற நேரமா அது?

ஒரு கொத்தை முறித்துக் கசக்கி அந்தப் பெண்ணிடம் நீட்டினேன். மணந்து பார்த்தவர் தன் சகாவைப் பார்த்துத் தலையாட்டினார், இது அது இல்லை என்று. அந்த நேரம் பார்த்து இவருக்குக் கால் இழுத்துவிட்டது. பல்லைக் கடித்துக்கொண்டு சரிந்தார். நான் ஓடிப்போய் முழங்காலை அழுத்த, அந்தப் பெண் ஒன்றும் கேட்காமல் நிலத்தில் மண்டியிட்டு அவர் பாதத்தைப் பிடித்துக்கொண்டார். இழுப்பு விடும்வரை விடவில்லை.

பிறகு மெதுவாக, இதற்கு மருந்து இல்லையா என்று கேட்டார். இருக்கிறது, ஹொலன்டில் விளக்குக்குக் கீழே வளர்ந்துகொண்டிருக்கிறது என்றேன். போகும்போது அந்த மனிதர் மன்னிப்புக் கேட்டு, இந்தச் செடியை நீங்கள் தாராளமாக வளர்க்கலாம் என்று பெருந்தன்மையோடு சொல்லிவிட்டுப் போனார்.

மருந்து பிறகு ஒருவழியாக வந்தது. ஆனால் இன்றைக்கும் தாளிக்க ஒரு கொத்து முறிக்கும்போதெல்லாம் அந்தப் பெண்ணின் கைகளை நன்றியோடு நினைக்கிறேன். கையெட்டும் தூரத்தில் வளர்ந்திருக்கக்கூடிய ஒன்றுக்காக இவர் பல்லைக் கடித்துக் காத்திருந்ததை நினைத்தால் மட்டும் என் கோபம் இன்னும் ஆறவில்லை.