வவ்வாலின் முதல் புள்ளி

தையல் தொழிற்சாலையில் அவர் பெயருக்குத்தான் கட்டிங் மாஸ்டர். இரண்டு வருஷமாக எல்லாருக்கும் 'வவ்வால் மாஸ்டர்'.

அந்தப் பெயரை அவரே தேடிக்கொண்டார். பங்கு விலை ஏறி இறங்கும் கோட்டில் ஐந்து புள்ளிகளை இணைத்தால், சில நேரம் வவ்வால் சிறகு விரித்த மாதிரி ஒரு வடிவம் கிடைக்கும். முதல் ஏற்றத்தில் எவ்வளவு பகுதி திரும்ப இறங்குகிறது என்ற கணக்கு ஒத்துப்போனால், ஐந்தாவது புள்ளியில் விலை திரும்பும் என்பார்கள். அங்கே வாங்க வேண்டும். சாப்பாட்டு நேரத்தில் மாஸ்டர் இதை யார் கேட்டாலும் விளக்குவார், கேட்காவிட்டாலும் விளக்குவார். இருபத்திரண்டு வருஷம் அட்டையில் காலரும் கையும் வரைந்து வெட்டியவருக்கு, விலையிலும் வடிவம் உண்டு என்றதும் கால் தரையில் நிற்கவில்லை.

அதே தொழிற்சாலையில் சட்டைக்குக் கை பொருத்தித் தைக்கும் அவர் மனைவி ஒரே ஒரு நிபந்தனை போட்டிருந்தாள். முதல் புள்ளிக்குக் கீழே விலை போனால் வவ்வால் செத்தது என்று அவரே சொல்வாரே, அப்போது மறுபேச்சில்லாமல் விற்றுவிட வேண்டும்.

சின்னச் சின்னத் தொகையாகப் போட்ட வரையில் வம்பில்லை. இந்த வாரம் போட்டது, சொந்தக் கடைக்கு இருவரும் சேர்த்ததில் பாதி. கடைக்கு முன்பணம் வெள்ளிக்கிழமை கட்ட வேண்டும். செவ்வாயன்று பங்கு ஒன்று முந்நூற்றுத் தொண்ணூற்றொன்பது ரூபாய்க்கு வாங்கினார். வியாழன் காலை முந்நூற்று எண்பத்தெட்டு.

அன்று துணி எண்பது அடுக்கு. கத்தி ஒரு நூல் தவறினால் எண்பது சட்டையும் குப்பை. மாஸ்டரின் கண் கத்தியை விட்டு விட்டு நழுவியது. அட்டைக்கடியில் போன்.

"என்ன மாஸ்டர், வவ்வால் தலைகீழாத் தொங்குதா?" என்றார் இஸ்திரிக்காரர்.

"அது தொங்குறதுதான்யா அதோட வேலை" என்று சிரிக்கப் பார்த்தார். வாய் கோணியது.

சாப்பாட்டு மேசையில் மனைவி கை நீட்டினாள். "போனைக் கொடுங்க. உங்க வவ்வாலை நானும் பாக்கறேன்."

பார்த்தாள். விரலை முதல் புள்ளியில் வைத்தாள். "ஏங்க, இதுக்கப்புறம் இன்னொரு பள்ளம் இருக்கே. விலை ஏற ஆரம்பிச்சது அங்கேருந்துதானே?"

"அங்க வெச்சா அளவு ஒத்துவரல. அடுத்த இறக்கம் பாதிக்குள்ள நிக்கணும். தாண்டிப் போகுது."

"அதனால?"

"கொஞ்சம் பின்னாடி தள்ளி, பழைய பள்ளத்துல வெச்சேன். கரெக்டாப் பாதி வந்துச்சு."

அவள் சோற்றைப் பிசைவதை நிறுத்தினாள். "கை பொருந்தலன்னு நான் துணியை இழுத்துத் தைச்சா என்ன சொல்வீங்க?"

இழுத்துத் தைத்த தையலைக் கண்டால் 'பிரி' என்று அவர் கத்துவது தொழிற்சாலைக்கே தெரியும்.

"நான் காட்டின பள்ளத்துல என்ன விலை?"

"நானூறு."

"நீங்க வாங்கினது அதுக்கும் கீழ. வாங்கறப்பவே அது செத்த வவ்வால்."

"இன்னும் மூணு ரூபா இருக்கும்மா. நான் வெச்ச முதல் புள்ளி முந்நூத்தி எண்பத்தஞ்சு, அதுக்கு வந்தா தானா வித்துடும், அப்படித்தான் போட்டு வெச்சிருக்கேன்."

"அப்படியேதான் இருக்கா?"

மாஸ்டர் தண்ணீர் டம்ளரை எடுத்தார். குடிக்காமல் வைத்தார். "காலையில பாத்ரூம்ல வெச்சு... முந்நூத்தி எண்பதுன்னு மாத்திட்டேன்."

அவள் திட்டவில்லை. போனை அவர் பக்கம் நகர்த்தி, "பிரிங்க" என்றாள்.

வேலை மணி அடிப்பதற்குள் எல்லாவற்றையும் முந்நூற்று எண்பத்தேழுக்கு விற்றார். கடைக்கு முன்பணம் தப்பியது. இரண்டாவது தையல் மெஷினுக்கு எடுத்து வைத்ததில் ஓட்டை.

நாலு மணிக்கு இஸ்திரிக்காரர் ஓடி வந்தார். "மாஸ்டர்! தொண்ணூத்தஞ்சு! ஏறுது! வவ்வால் பறக்குதுய்யா!"

மாஸ்டர் கத்தியை நிறுத்திவிட்டு, வரிசையில் தைத்துக்கொண்டிருந்த மனைவியிடம் போய்ச் சொன்னார்.

"வித்துட்டோமேன்னு இருக்கா?" என்றாள், ஊசியிலிருந்து கண்ணெடுக்காமல்.

"இல்லம்மா. பயமா இருக்கு."

"இறங்கினப்ப பயந்தது சரி. இப்ப என்ன பயம்?"

"தப்பா வெச்ச புள்ளிக்கே ஏறுதே. நாளைக்கு இன்னொரு புள்ளியையும் நகர்த்துன்னு மனசு சொல்லும்."

அவள் மெஷினை நிறுத்தி, கையை நீட்டினாள். அவர் போனைக் கொடுத்தார்.