வலைக்குப் புகை போட ஒரு புத்தகம்

மூன்று மாதமாக எங்கள் வலையில் சொல்லும்படி மீன் படவில்லை. யாரோ செய்வினை செய்துவிட்டார்கள் என்று என் கணவர் முடிவுகட்டி, கடலுக்குப் போவதையே நிறுத்திவிட்டார்.

"நாளைக்குக் கிளினிக்குக்குப் போறாய்தானே? புதுக்குடியிருப்பிலை மூலிகை மாந்திரீகப் புத்தகம் ஒண்டு பாத்து வாங்கிக்கொண்டு வா."

"ஞாயிறு மாதா கோயில் பூசைக்குப் போற ஆக்கள் நாங்கள். சாமியார் அறிஞ்சால்?"

"சாமியாரோ வந்து வலை இழுக்கிறார்?"



அடுத்த நாள் கிளினிக்கில் வரிசையில் நின்று பிரஷர் குளிசை வாங்கி முடிய மத்தியானமாகிவிட்டது. பஸ் நிலையத்துக்குப் பக்கத்துப் புத்தகக் கடையில் மெல்லிய குரலில் கேட்டேன். கடைக்காரப் பெண் ஆச்சரியப்படவில்லை. அடித்தட்டிலிருந்து மூன்று புத்தகங்களை எடுத்து வைத்து, உட்காரக் கதிரையும் தந்தாள்.

முதலாவது தடித்த, மொத்தப் புத்தகம். அதிலிருந்த செடியெல்லாம் மலையில் முளைப்பவை. இரண்டாவதைத் திறந்தால், மனம் மாற ஊமத்தம் விதையைப் பாலில் அரைத்துக் கொடுக்கச் சொன்னது. ஊமத்தை நஞ்சு என்று எங்கள் ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். மூடி வைத்தேன். மூன்றாவது மெல்லியது, அட்டையும் வெளிறியிருந்தது. எனக்குத் தெரிந்த செடி நொச்சி; அதைத் தேடிப் பார்த்தேன். எங்கள் வேலியோரம் நிற்பதைப் பார்த்து வரைந்ததுபோல் படம். தொழில் முடக்கம் நீங்க நொச்சியும் வேப்பிலையும் புகைக்கலாம் என்றிருந்தது. நஞ்சுச் செடிகளுக்குக் கீழே 'வாயில் படக்கூடாது' என்றும் எழுதியிருந்தது.

"எது கூடுதலா விக்கிறது, தங்கச்சி?"

"மொத்தப் புத்தகம்தான் அக்கா. வாங்கினவை பிறகு வந்து, அந்தச் செடி எங்கை நிக்குதெண்டு என்னைத்தான் கேக்கினம். நீங்கள் இதைக் கொண்டு போங்கோ. இதாலை ஒருத்தரும் சாகமாட்டினம்."

அந்த மெல்லிய புத்தகத்தோடு பஸ்ஸில் நின்றபடியே வீடு வந்தேன். நான் சமைக்க, அவர் குசினி வாசலில் குந்தியிருந்து, இருளும்வரை வாசித்தார். விடிந்ததும் புகை காட்டுவதற்காக வலையைக் கடற்கரை வாடிக் கொட்டிலிலிருந்து இழுத்துக் கம்புகளில் விரித்தார். சும்மா கிடந்த நாட்களில் எலி பல இடத்தில் கடித்திருந்தது.

"இஞ்சை ஒருக்கால் வந்து பிடி," என்றார்.

இரண்டு நாள் இருவருமாக இருந்து ஓட்டைகளை நூலால் பொத்தினோம். எனக்கு முதுகு விட்டுப்போனது. பிறகு சாம்பிராணிச் சட்டியில் நொச்சி புகைந்தது. அவர் கண்ணைக் கசக்கிக்கொண்டு வலையைச் சுற்றி வந்தார். நான் சிலுவை போட்டுக்கொண்டேன்.

மூன்றாம் நாள் கடலுக்குப் போனார். பட்ட மீன் எங்கள் கறிக்குத்தான் போதும்; விற்க ஒன்றும் மிஞ்சவில்லை.

"பாத்தியே, செய்வினை விட்டிட்டுது?" என்றார்.

"ஓம்," என்றேன்.

அடுத்த நாள் நான் கூப்பிடாமலே எழும்பிக் கடலுக்குப் போனார். நான் தேத்தண்ணியைக் குடித்துவிட்டுத் திரும்பவும் படுத்துக்கொண்டேன்.