ஒரு ஹால், மூன்று வகுப்பு, என் பெண்ணின் காது

டீச்சர் வேலைக்குப் படிப்பு வேண்டும் என்று நினைத்துக்கொண்டு சேர்ந்தேன். சேர்ந்த பிறகுதான் தெரிந்தது, வேண்டியது தொண்டை என்று. என்னைப் போல் தொண்டை கட்டிப்போய் மிளகுக் கஷாயத்தில் உயிர் வாழும் சகோதரிகளுக்காக இதை எழுதுகிறேன். வீடு அடங்கின பிறகு எழுதுவதால் தப்புத் தவறு இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

கான்வென்ட் குரல்

எங்கள் பள்ளிக்கூடம் மைசூரில், தேவராஜ மொஹல்லாவில், மார்க்கெட்டுக்குப் பின்புறம். ஒரு காலத்தில் கல்யாணச் சத்திரம். கல் தரை, உயரமான கூரை. நாதஸ்வரம் வாசித்தால் மூலை முடுக்கெல்லாம் நிறைய வேண்டும் என்று கட்டினது. அதே ஹாலில் தட்டி கூட இல்லாமல் மூன்று வகுப்பு. வாசலில் குதிரை வண்டிகள் நிற்கும் டாங்கா ஸ்டாண்டு, கொல்லையில் காய்கறி ஏலம்.

நான் படித்த கான்வென்டில் சிஸ்டர்கள், "பெண்பிள்ளை குரல் அவள் பெஞ்சைத் தாண்டக் கூடாது" என்று சொல்லிச் சொல்லியே வளர்த்தார்கள். அந்தக் குரலோடு முதல் நாள் ஒன்றாம் வகுப்பின் முன்னால் நின்றேன். முதல் வரிசை என்னைப் பார்த்தது. இரண்டாம் வரிசை ஜன்னலைப் பார்த்தது. கடைசி வரிசை புளியங்கொட்டை விளையாடியது. பக்கத்து வகுப்பு டீச்சர் லட்சுமம்மா வந்து என் காதோரம் கேட்டாள்: "ஏன்ரீ, பாடம் நடத்தறீங்களா, ஜபம் பண்றீங்களா?"

சத்தமே போர்டு

ஒரு நாள் தலைவலி தாங்காமல் எல்லோரையும் சிலேட்டில் எழுதச் சொன்னேன். குழந்தைகள் தலை குனிந்து எழுதின. அந்த மூலையில் முதல் தடவையாக அமைதி. உடனே ஹெட்மிஸ்ட்ரஸ் அம்மாள் தன் அறையிலிருந்து பதறிப்போய் ஓடி வந்தார். வகுப்பில் யாருக்காவது மயக்கமோ என்று நினைத்தாராம்.

விஷயம் இதுதான்: எல்லாப் பிள்ளைகளும் ஒரே குரலில் "ஒந்தொந்த்ல ஒந்து, ஒந்தெரட்ல எரடு" என்று கன்னட வாய்ப்பாடு கத்தினால் அது தெருக்கோடி வரை கேட்கும். அதுதான் எங்கள் விளம்பர போர்டு. கேட்டுவிட்டுத்தான் கடைக்காரர்கள் பிள்ளைகளைக் கொண்டுவந்து சேர்ப்பார்கள். அம்மாள் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார்: "சத்தம் வராத பள்ளிக்கூடத்துக்கு யாரும்மா குழந்தையை அனுப்புவா?"

வெல்லம்

இந்த வருஷம் என் பெண் ருக்கு என் வகுப்பிலேயே சேர்ந்தாள். கோஷ்டியாகச் சொல்லும்போது அவள் உதடு எல்லோரோடும் சரியாக அசையும். தனியாக எழுப்பிக் கேட்டால் பக்கத்துப் பெண்ணின் வாயைப் பார்த்துக்கொண்டு நிற்பாள். ஹெட்மிஸ்ட்ரஸ் கவனித்துவிட்டார். "மந்தமா இருக்காளே. பரீட்சையிலும் இப்படியே நின்னா ரெண்டு வருஷம் வீட்டிலேயே வெச்சுக்கோ" என்றார்.

எனக்கு வேறொன்று ஞாபகம் வந்தது. போன மழைக்காலத்தில் ருக்குவுக்கு ஜுரம் வந்து காது ஒழுகியது. இப்போது செவிடாகிவிட்டாளோ? அந்த வார்த்தையை வாய்விட்டுச் சொல்லவே பயம். வீட்டில் அவள் முதுகுப் பக்கம் பித்தளை டம்ளரைப் போட்டுப் பார்த்தேன்; திரும்பினாள். சமையலறையிலிருந்து மெதுவாக "வெல்லம்" என்றேன், ஓடி வந்தாள். அப்படியானால் காது சரி, புத்திதான் மந்தமா? அது இன்னும் பெரிய பயம். வீட்டுக்காரரிடம் சொல்லி அழுதேன். பேப்பரை மடித்துவிட்டுச் சொன்னார்: "வெல்லம்னா கேக்கறது, வாய்ப்பாடுன்னா கேக்கலை. என் பொண்ணுதான், சந்தேகமே இல்லை."

டாக்டரின் கடிகாரம்

அவர் சிரித்தாலும் எனக்கு மனசு ஆறவில்லை. லீவு போட்டுவிட்டு ருக்குவை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனேன். டாக்டர் அவளைக் கண்ணை மூடச் சொல்லி, தன் பாக்கெட் கடிகாரத்தை இடது காதுக்கு எட்டப் பிடித்தார். "டிக் டிக்" என்றாள். வலது காதுக்கு அதே தூரத்தில் பிடித்தார். பேசாமல் நின்றாள். காதை ஒட்டி வைத்த பிறகுதான் சிரித்தாள்.

வலது காதுச் சவ்வில் ஓட்டை, தானே மூடினாலும் மூடும், மூடாமலும் போகும் என்றார். வீட்டில் ஒரு குரல்தான், அதற்கு ஒரு காது போதும். பத்துக் குரல் ஒன்றாக வந்தால் அதிலிருந்து ஒன்றைப் பிரித்தெடுக்க இரண்டு காதும் வேண்டும் என்று விளக்கினார். "உங்க பள்ளிக்கூடம் எப்படி?" என்று கேட்டார். சொன்னேன். ஹால், கூரை, வாய்ப்பாடு, ஏலம், டாங்கா எல்லாம் சொன்னேன். சீட்டு எழுதிக்கொண்டே சொன்னார்: "அங்கே ரெண்டு காது இருக்கிற குழந்தைக்கே ஒண்ணும் கேக்காதேம்மா!"

வெங்காய மண்டி

ருக்குவை முன் பெஞ்சில், வலது காது சுவர்ப் பக்கமாகவும் இடது காது என் பக்கமாகவும் உட்கார வைத்தேன். கொஞ்சம் தேவலை. அவ்வளவுதான்.

முகூர்த்த நாளில் எங்கள் ஹாலை இப்போதும் கல்யாணத்துக்கு விடுவார்கள். அப்படி ஒரு கல்யாணத்துக்கு மறுநாள் வந்து பார்த்தால், சுவரோரம் முழுக்க ஜமக்காளமும் அரிசி மூட்டையும் அடுக்கிக் கிடந்தன. பாடத்தை ஆரம்பித்தேன். என் குரல் கூரைக்குப் போய்த் திரும்பி வந்து என் மேலேயே விழவில்லை. கடைசி வரிசை நிமிர்ந்து பார்த்தது. மத்தியானம் வண்டி வந்து எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு போனது. எதிரொலி மறுபடி வந்து உட்கார்ந்துகொண்டது.

அன்று சாயங்காலமே மார்க்கெட்டில் பழைய வெங்காயக் கோணிகளை வாங்கினேன். தைத்து, துவைத்து, என் மூலைச் சுவரில் மாட்டினேன். மூன்றாவது வகுப்பு ஹாலின் அந்தக் கோடியில்; பக்கத்தில் இருக்கும் லட்சுமம்மாவிடம் கெஞ்சி ஓர் ஏற்பாடும் செய்துகொண்டேன்: அவள் வகுப்பு கத்தும்போது என் வகுப்பு எழுதும், என் வகுப்பு கத்தும்போது அவள் வகுப்பு எழுதும். ஹெட்மிஸ்ட்ரஸிடம் ருக்குவின் காது விஷயத்தைச் சொன்னேன். தெருவுக்குச் சத்தம் குறையவில்லை என்பதால் ஹெட்மிஸ்ட்ரஸ் அதற்குச் சம்மதித்தார். கோணியைப் பார்த்துத்தான் மூக்கைப் பொத்திக்கொண்டார். "பரீட்சை வரைக்கும் விட்டுவைக்கிறேன். அப்புறம் இது பள்ளிக்கூடமா, வெங்காய மண்டியான்னு பார்க்கலாம்."

பரீட்சை

பரீட்சை அன்று அம்மாளே வந்து ஒவ்வொருத்தராக எழுப்பிக் கேட்டார். பக்கத்து வகுப்பு எழுதிக்கொண்டிருந்தது. ருக்குவின் முறை வந்ததும் அம்மாள் வேண்டுமென்றே தன் உதடு தெரியாதபடி கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டு கேட்டார்: "கூடையில ஒம்பது கொய்யாப்பழம். நாலை அணில் தின்னுடுத்து. மீதி எத்தனை?"

ருக்கு எழுந்தாள். பக்கத்துப் பெண்ணின் வாயைப் பார்க்கவில்லை. கூரையைப் பார்த்தாள், விரலைப் பார்த்தாள்.

"ஏழு," என்றாள்.

"என்ன கேட்டேன், சொல்லு பார்ப்போம்?"

"கூடையில ஒம்பது கொய்யாப்பழம், நாலை அணில் தின்னுடுத்து," என்று ஓர் எழுத்து விடாமல் ஒப்பித்துவிட்டு, "அணிலை ஏன் விரட்டலை?" என்றாள்.

அம்மாள் திரும்பி அவளைப் பார்த்தார். பிறகு கோணியைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்துச் சொன்னார்: "கேட்டதெல்லாம் கேட்டிருக்கு, கணக்குதான் வரலை. அதுக்கு வீட்டில வெச்சு என்ன பண்றது, இங்கேயே இருக்கட்டும்."

பெற்ற பெண் கணக்கில் பெயில் ஆனதற்காகச் சாமுண்டி மலை ஏறித் தேங்காய் உடைத்த டீச்சர் இந்த மைசூரில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.