எலிகளுக்குப் பொட்டு வைத்தவள்

மணிமங்கலம் காந்திமதியைக் கேட்டால், தனக்குச் சோறு போடுவது எலிதான் என்பாள். விளையாட்டுக்குச் சொல்வதில்லை. புருஷன் இன்னொருத்தியோடு போன பிறகு, ஸ்ரீபெரும்புதூர் ரோட்டிலிருந்த மருந்து ஆராய்ச்சிக் கம்பெனியில் எலிக் கூண்டு கழுவுகிற வேலைதான் அவளையும் மகளையும் காப்பாற்றியது. முதல் வாரம் எலியைத் தொடவே அலறினவள், பிறகு அதுகளோடு வாயாடவே ஆரம்பித்துவிட்டாள்.

தொண்ணூற்றொன்றாம் வருஷம் அங்கே வசுதா மேடம் கடற்பஞ்சைச் சாறெடுத்து, வீக்கத்துக்கும் வலிக்கும் கேட்குமா என்று பார்த்துக்கொண்டிருந்தார். எல்லா வெள்ளெலிக்கும் பின்னங்காலில் ஊசி போட்டு வீங்க வைப்பார்; பாதிக்கு மட்டும் கடற்பஞ்சு மருந்து. மருந்து வாங்கினதுக்குத் தலையில் மஞ்சள் சாயம், மற்றதுக்கு ஒன்றும் கிடையாது. இரண்டும் ஒரே கூண்டில் கலந்துதான் கிடக்கும். இந்த மருந்தும் தேறாவிட்டால் பிரிவையே மூடிவிடுவோம் என்று மேனேஜர் சொல்லியிருந்தார். பிரிவு போனால் காந்திமதியும் வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

ஆயுத பூஜை வந்தது. தராசுக்குப் பொட்டு, ஃப்ரிட்ஜுக்குப் பொட்டு, வாட்ச்மேன் சைக்கிளுக்கும் பொட்டு. சோறு போடுகிறவனை விட்டுவிட்டு இரும்புக்கு என்ன மரியாதை? காந்திமதிக்கு மனசு கேட்கவில்லை. எல்லோரும் பொரியை வாங்கிக்கொண்டு கிளம்பியதும், ஒவ்வொரு எலியாகப் பிடித்துத் தலையில் மஞ்சள் குழைத்து வைத்தாள். கன்னத்தில் போட்டுக்கொண்டு கும்பிட்டும் ஆயிற்று.

மறுநாள் காலை கம்பெனி பஸ் வந்து நின்றது. அதன் நெற்றியில் காய்ந்திருந்த மஞ்சளைப் பார்த்த பிறகுதான் அவளுக்கு உறைத்தது. இனி எது மருந்து வாங்கின எலி, எது வாங்காதது? படப்பை தாண்டுவதற்குள் தெரிந்த அம்மனுக்கெல்லாம் வேண்டிக்கொண்டாள்.

கூண்டைத் திறந்தால் எல்லாத் தலையும் மஞ்சள். சிலதுக்குக் கால் வற்றியிருந்தது, சிலதுக்கு வீக்கம் அப்படியே இருந்தது. பாழாய்ப்போன புத்தி ஒரு வழி சொன்னது. வீங்கினதை மட்டும் துடைத்துவிட்டால் மருந்து பலித்த மாதிரி ஆகிவிடும், வேலையும் தப்பும். துணியைக்கூட நனைத்துவிட்டாள். அதற்குள் வசுதா உள்ளே வந்தார். அவளுக்குப் பொய் வரவில்லை.

“மேடம், தப்பு பண்ணிட்டேன். பூஜைக்கு எலிங்களுக்கும் மஞ்சா வச்சிட்டேன்.”

வசுதா அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

பிறகு எழுந்து சோப்பை எடுத்துக் கொடுத்து, “சோப்பு போட்டுத் தேயுங்கோ. உங்க மஞ்சள் செவந்து போயிடும். என் சாயம் போகாது” என்றார்.

காந்திமதி வீங்கின எலியாகப் பார்த்து எடுத்தாள். முதல் எலியின் தலை சிவந்து வெளுத்தது. மருந்து வாங்காத எலிதான், அப்பாடா என்றிருந்தது. அடுத்ததும் வெளுத்தது. அதற்கடுத்தது வெளுக்கவில்லை. அதன் பிறகு எடுத்ததெல்லாம் வெளுக்கவே இல்லை. கடைசி எலியை மடியில் வைத்துக்கொண்டு தேய்த்தாள், தேய்த்தாள், அது கீச்சென்று கத்தியும் விடவில்லை.

“இன்னும் கொஞ்சம் தேச்சா பூடும் மேடம். இது என்துதான்.”

வசுதா அவள் கையைப் பிடித்தார்.

“விடுங்கோ காந்திமதி. அது நான் வச்ச மஞ்சள்.”