விற்கிறவர் பக்கத்து ஸ்டெல்லாம்மா

கரையான்சாவடியில் ஒரு வீட்டைக் காட்டிக்கொண்டிருந்தேன். மாதா கோவில் பக்கமிருந்து ஒருவர் சைக்கிளில் வந்து, ஸ்டெல்லாம்மா போய்விட்டார் என்றார். வீடு பார்க்க வந்தவர்களிடம் மன்னிப்புக் கேட்டு, வீட்டைப் பூட்டிக்கொண்டு கிளம்பினேன். பூந்தமல்லிப் பக்கம் மனை வாங்கிய, விற்ற பலருக்கும் அவரைத் தெரியும். தரகுத் தொழிலில் அவர் எனக்கு எதிராளி. அப்படியொரு எதிராளி இனி எனக்குக் கிடைக்கப் போவதில்லை.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் வயலெல்லாம் மனையானபோது தரகர்கள் ஆளுக்கொரு பட்டம் சூட்டிக்கொண்டோம். நானும் 'ரியல் எஸ்டேட் கன்சல்டன்ட்' என்று கார்டு அடித்து அவரிடம் ஒன்றை நீட்டினேன்.

"பேரு ஷோக்காத்தான் கீது அண்ணாத்தே. நீ வாங்குறவன் ஆளா, விக்கிறவன் ஆளா, அது இதுல எங்க கீது?" என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. இரண்டு பக்கமும் கமிஷன் வாங்குவதுதான் எங்கள் வழக்கம். அவர் ஒரு பக்கம்தான் வாங்குவார். அவர் வீட்டுப் பலகையில் கடைசிவரை 'தரகர்' என்றே இருந்தது.

விற்பவருக்காக வந்தால், மனையில் கால் வைக்குமுன்பே வாங்குபவரிடம் சொல்லிவிடுவார்: "நான் அவங்க ஆளு. உங்களுக்குன்னு ஒருத்தர இட்டுகினு வாங்க." அப்படிப் பலரை என்னிடமே அனுப்பினார். மனையில் நின்று இருவரும் விலைக்கு மல்லுக்கட்டுவோம். பிறகு ஒரே பஸ்ஸில் திரும்புவோம்.

ஒருமுறை சென்னீர்குப்பத்தில் அவருடைய அண்ணன் மனையை விற்கவேண்டி வந்தது. மகள் கல்யாணம் அதை நம்பித்தான் இருந்தது. வாங்க வந்தவர் ஆவடி தொழிற்சாலைக் குவார்ட்டர்ஸ்காரர். அவருக்கு நான் ஆள். கோடை, மண் வறண்டு கிடந்தது. "மழைக்குத் தண்ணி நிக்குமா?" என்று கேட்டார். அண்ணன் தங்கையின் முகத்தையே பார்த்தார்.

"வெலைய எங்கண்ணனுக்காகத்தான் பேசுவேன். கேட்டதுக்குப் பொய் சொல்ல மாட்டேன். முட்டி வரைக்கும் நிக்கும்" என்றார் ஸ்டெல்லாம்மா.

பேரம் முறிந்தது. கல்யாணம் தள்ளிப்போனது. அண்ணன் அவரோடு பேசுவதை நிறுத்திவிட்டார். அன்று பஸ்ஸில் ஸ்டெல்லாம்மா ஜன்னல் பக்கம் திரும்பி அழுதுகொண்டே வந்தார். அந்த மனுஷியை அன்றைக்குப் போல் நான் என்றைக்கும் மதித்ததில்லை.

ஸ்டெல்லாம்மாவின் அடக்கத்துக்கு அண்ணன் வந்திருந்தார். எல்லோரும் மண் போட்டுக் கலைந்தபின் என்னிடம் வந்தார்.

"அந்த மனை இன்னும் எங்கையிலதான் கீது. நீ வித்துக் குடு" என்றார். சரி என்றேன். நாலடி போய்த் திரும்பி, "வர்றவன் கேக்காட்டியும் தண்ணி நிக்கும்னு சொல்லிடு" என்றார்.

ஸ்டெல்லாம்மாவிடமிருந்து எனக்கென்று மிஞ்சியது ஒரு பேச்சுதான். அந்த மனைக்கு ஆள் வரும்போது அதைத்தான் முதலில் சொல்வேன்: நான் அவங்க ஆளு, உங்களுக்குன்னு ஒருத்தர இட்டுகினு வாங்க. யாரிடம் போவது என்று அவர்கள் கேட்டால், அனுப்பிவைக்க ஸ்டெல்லாம்மா இல்லை.