ஐம்பத்தெட்டு மில்லிமீட்டர்

கண்ணாடிக்காரி என்று சொன்னால்தான் அந்தத் தெருவில் அவளைத் தெரியும். மூக்குக்கண்ணாடிக் கடையில் பதினாலு வருடமாக வேலை. ஃபிரேமில் லென்ஸ் பொருத்துவாள், லொடலொட என்று ஆடும் திருகை இறுக்கித் தருவாள். எல்லாவற்றுக்கும் முன்னால், வந்தவரை நேராகப் பார்க்கச் சொல்லி, மூக்கின் மேல் சின்ன ஸ்கேலைப் பிடித்து, ஒரு கண்மணிக்கும் மறு கண்மணிக்கும் நடுவே எத்தனை மில்லிமீட்டர் என்று அளப்பாள். லென்ஸின் மையம் கண்மணிக்கு நேரே வராவிட்டால் தங்க ஃபிரேம் போட்டாலும் தலைவலிதான் மிச்சம்.

இது காலை ஒன்பதரை மணிக்கு மேல். ஆறு மணியிலிருந்து ஏழரை வரை அவள் விமானி.

வீட்டின் பின்னறையில் இஸ்திரி போடும் மேஜைதான் அவளுடைய விமானம். அதன் மேல் கணினி, அதில் நிஜம் போலவே விமானம் ஓட்டும் விளையாட்டு. மேஜை விளிம்பில் இரண்டு கவ்விகள் போட்டு, விமானத்தைத் திருப்பும் ஜாய்ஸ்டிக்கை இறுக்கியிருந்தாள். பழைய தையல் இயந்திரத்தின் மிதிபலகையை இரண்டாக அறுத்துக் கால்மிதிகள் செய்து கொடுத்தது அவள் கணவன். லாரி ஓட்டுகிறவன். "கிளட்ச் எங்கடி?" என்று கேட்டதைத் தவிர வேறு எதற்கும் குறுக்கே நின்றதில்லை.

பத்தொன்பது வயதில் ஒருமுறை, விமானம் ஓட்டக் கற்றுத்தரும் பள்ளிக்கு விண்ணப்பம் வாங்கப் போயிருந்தாள். ஜன்னலுக்குப் பின்னால் இருந்த குமாஸ்தா தலையைக் கூடத் தூக்காமல், "பணிப்பெண் வேலைக்கு ஆள் எடுக்கிறது அடுத்த கட்டடம்மா" என்றார். அடுத்த கட்டடத்துக்கும் போகாமல் வீட்டுக்கு வந்துவிட்டாள். அன்றைக்கு வாயில் வராத பதில் இருபத்திரண்டு வருடமாகத் தொண்டையிலேயே உட்கார்ந்திருந்தது.

ஊரில் அவளைப் போல வீட்டிலிருந்தே பறக்கிறவர்கள் பன்னிரண்டு பேர் சேர்ந்து ஒரு குழு வைத்திருந்தார்கள். அதன் செயலாளர் டைல்ஸ் கடை முதலாளி. நிஜ விமானத்தில் இரண்டே முறை, அதுவும் பயணியாக, ஏறியவர். ஆனாலும் எல்லோருக்கும் அவர் கேப்டன்தான். வருடத்துக்கு ஒருமுறை குழு ஒரு நெடும்பயணம் போகும். பன்னிரண்டு கட்டம், பன்னிரண்டு ஞாயிற்றுக்கிழமை, கட்டத்துக்கு ஒருவர். ஏழாவது கட்டத்தை எல்லோரும் தட்டிக் கழித்தார்கள். இரண்டு மலைகளுக்கு நடுவே கைக்குட்டை அளவு ஓடுபாதை. தவறினால் திரும்பி எழும்ப இடமில்லை. அவள்தான் கேட்டு வாங்கினாள். எட்டு மாதம் தினமும் காலையில் அந்த மலைகளுக்கு நடுவே இறங்கிப் பழகினாள்.

அந்த வருடம் கேப்டன் புதுச் சட்டம் போட்டார். இனிமேல் திரையைப் பார்த்து ஓட்டக்கூடாது. கண்களுக்கு முன்னால் முகமூடி போலக் கட்டிக்கொள்ளும் விஆர் ஹெட்செட் போட்டுத்தான் ஓட்ட வேண்டும். குழுவுக்குப் பொதுவாக ஒன்று வாங்கினார்கள். வீட்டுக்கு ஒரு வாரம் என்று அது சுற்றி வந்தது. அதைப் போட்டுப் பழகி, கேப்டன் முன்னால் சோதனைப் பறப்பு ஒன்று செய்து காட்டினால்தான் நெடும்பயணத்தில் இடம். அவள் வீட்டுக்கு அது கடைசியாக வந்தது.

முதல் நிமிடம் அவளுக்கு மூச்சே நின்றுபோயிற்று. தலையை இடது பக்கம் திருப்பினால் இறக்கை தெரிந்தது. கீழே ஆறு. எட்டு மாதமாகத் தட்டையாகக் கிடந்த மலை எழுந்து நின்றது. கையிலிருந்த காபி டம்ளரை எதிரே தெரிந்த பலகையின் மேல் வைத்தாள். அந்தப் பலகை ஹெட்செட்டுக்குள் மட்டும்தான் இருந்தது. டம்ளர் மடியில் கவிழ்ந்தது.

இரண்டாவது நிமிடம் ஓடுபாதை இரண்டாகப் பிரிந்தது. ஐந்தாவது நிமிடம் அவள் கழுவுதொட்டியின் முன்னால் குனிந்து நின்றாள்.

"என்ன அண்ணி, இந்த வயசுல நல்ல சேதியா?" என்றாள் நாத்தனார்.

"வாயைக் கழுவு. இல்லன்னா உன்னைத்தான் அதுல உட்கார வைப்பேன்."

மறுநாளும் அதே கதை. மூன்றாம் நாள் வெறும் வயிற்றில் எலுமிச்சம்பழத்தை முகர்ந்துகொண்டே உட்கார்ந்து பார்த்தாள். பலனில்லை. கேப்டனுக்குப் போன் போட்டாள்.

"நான் எதிர்பார்த்ததுதான்மா," என்றார் அவர், கல்யாண வீட்டில் பந்தி விசாரிக்கிறவரைப் போல. "பொம்பளைங்களுக்கு இது ஒத்துக்காது. உடம்பு வாகு அப்படி. மத்த பதினொரு பேர்ல ஒருத்தராவது சொன்னாங்களா, தலை சுத்துதுன்னு?"

"சார், படமே ரெண்டா தெரியுது."

"மனசுல பயம் இருந்தா எல்லாமே ரெண்டாத்தான் தெரியும். கவலைப்படாதீங்க. ஒவ்வொரு கட்டமும் ஆரம்பிக்கும்போது வரவேற்பு அறிவிப்பு நீங்க சொல்லுங்க. உங்க குரல் நல்லாருக்கும்."

சாயங்காலமே குழுப் பதிவேட்டின் படம் எல்லோர் போனுக்கும் வந்தது. ஏழாவது கட்டத்துக்கு நேரே கேப்டனின் அழகான கையெழுத்து: 'உடல் ஒத்துழைக்கவில்லை (பெண்).'

அந்த அடைப்புக்குறிதான் அவளை வறுத்தெடுத்தது. அதைவிடக் கேவலம், மூன்று நாள் அதை அவள் நம்பியும் தொலைத்தாள். ஒருவேளை உடம்பு வாகுதானோ என்று ராத்திரி புரண்டு புரண்டு படுத்தாள்.

அதற்கு மறுநாள் கடைக்கு ஒரு பஸ் கண்டக்டர் கொதித்துக்கொண்டு வந்தார். கண்ணாடி வேறு கடையில் போட்டது. "போட்டா படிக்கட்டு மிதக்குதுங்க. பழகிடும்னு சொல்லியே ஒரு மாசம் ஓட்டிட்டான். நேத்து வண்டியிலேயே வாந்தி எடுத்துட்டேன்."

அவள் ஸ்கேலை எடுத்தாள். கண் அறுபத்திரண்டு. லென்ஸின் மையங்கள் அறுபத்தெட்டில் இருந்தன.

"எந்தப் புண்ணியவான் இதைப் பொருத்தினது? ஆளோட கண்ணை அளக்காம..." என்று ஆரம்பித்தவள், 'அளக்காம' என்ற இடத்தில் அப்படியே நின்றுவிட்டாள்.

"என்னாச்சும்மா?"

"ஒண்ணுமில்லங்க. என்னை நானே திட்டிக்கிறேன்."

பதினாலு வருடம் ஊரார் கண்ணை அளந்தவள், தன் கண்ணுக்கு முன்னால் இரண்டு லென்ஸைக் கட்டிக்கொண்டபோது அளக்கவில்லை! கேப்டன் மேல் வந்த கோபத்தில் பாதி அவள் மேலேயே திரும்பியது. அன்று சாயங்காலம் ஸ்கேலோடு வீட்டுக்குப் போனாள். ஹெட்செட்டின் உள்ளே இரண்டு லென்ஸுக்கும் நடுவே அறுபத்தொன்பது மில்லிமீட்டர். அவளுடைய கண் ஐம்பத்தெட்டு. அடிப்பக்கம் தடவினாள். லென்ஸைத் தள்ளிவைக்கும் சின்ன உருளை ஒன்று இருந்தது. அதன் மேல் கறுப்பு டேப் சுற்றி, பசையும் தடவி, வெள்ளை மையில் 'தொடாதே' என்று எழுதியிருந்தது. அதே அழகான கையெழுத்து.

நகத்தால் சுரண்டி டேப்பை உரித்தாள். இடைவெளி ஐம்பத்தெட்டு ஆகும்வரை உருளையைத் திருப்பினாள். மறுநாள் காலை ஓடுபாதை ஒன்றுதான் தெரிந்தது. இறங்கினாள். திரும்ப ஏறி, திரும்ப இறங்கினாள். வயிறு பச்சைப்பிள்ளை மாதிரி தூங்கியது.

ஞாயிறு காலை கேப்டன் வீட்டுக் கூடத்தில் குழு கூடியது. அவள் ஹெட்செட்டை மேஜையில் வைத்து, "என் அளவுக்கு மாத்தியிருக்கேன் சார். இன்னைக்கே சோதனைப் பறப்பு வேணும்," என்றாள்.

உரித்த டேப்பைப் பார்த்ததும் கேப்டனின் முகம் கறுத்தது. "தொடாதேன்னு எழுதியிருந்துச்சே! படம் சரியா தெரியிற இடத்துல நான் கஷ்டப்பட்டு நிறுத்தி வெச்சிருந்தேன்."

"உங்களுக்குச் சரியா தெரியிற இடம் சார் அது."

"எனக்கு எதுல வெச்சாலும் தெரியும்," என்று ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தார். இரண்டு நிமிடம் வீரமாக ஓட்டினார். பிறகு நாற்காலியின் கையைப் பிடித்தார். பிறகு நெற்றியைப் பிடித்தார். எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்த திரையில் விமானம் ஏரிக்குள் போயிற்று.

"காலைல சாப்பாடு கொஞ்சம் கனம்," என்றார் கழற்றிக்கொண்டே.

"ஆம்பளைங்களுக்கு இது ஒத்துக்காதோ?" என்றார் குழுவிலிருந்த வாட்ச் ரிப்பேர்க்காரர். கூடம் சிரித்தது. அவள் சிரிக்கவில்லை. ஸ்கேலை எடுத்து வாட்ச்காரரையே முதலில் உட்கார வைத்து அளந்தாள். அறுபது.

"இத்தனை நாள் எப்படிண்ணே ஓட்டினீங்க?"

அவர் தலையைச் சொறிந்தார். "ஒரு கண்ணை மூடிக்கிட்டுத்தான்மா. கடையில வாட்ச் பார்க்கும்போது பழக்கம்தானே, இதுவும் அப்படித்தான்னு நெனச்சேன்."

"எனக்கும் குமட்டுச்சு," என்றார் இன்னொரு உறுப்பினரான பேக்கரிக்காரர் மெதுவாக. "சொன்னா பொம்பளை மாதிரின்னு சிரிப்பீங்களேன்னு சொல்லலை."

அவளுக்கு உடம்பு முழுக்கக் கொதித்தது. இவர் குமட்டலை விழுங்கினார், அவர் ஒரு கண்ணை மூடினார், பதிவேட்டில் ஏறியது மட்டும் அவளுடைய உடம்பு!

ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். கூடம் மறைந்தது. மலைகள் வந்தன. இடது மலையை ஒட்டி வளைந்து, வேகத்தைக் குறைத்து, ஓடுபாதையின் தொடக்கக் கோட்டைச் சக்கரம் தொடும்படி இறக்கி நிறுத்தினாள். பாதையில் பாதி மிச்சம் இருந்தது. யாரோ விசிலடித்தார்கள்.

கேப்டன் தொண்டையைச் செருமிக்கொண்டு பதிவேட்டைத் திறந்தார். பழைய வரியைத் தொடாமல், அதன் கீழே எழுதினார்: 'சிறப்பு அனுமதி வழங்கப்படுகிறது.'

"என்ன சார் இது?"

"அதான் கட்டம் கிடைச்சிருச்சேம்மா. பெருந்தன்மையா விடுங்க."

"கட்டம் நான் இறக்கிக் காட்டி வாங்கினது. நீங்க போட்ட பிச்சை இல்ல. மேல எழுதினதை அடிங்க."

"எழுதினது எழுதினதுதான். பதிவேட்டுல அடித்தல் திருத்தல் கூடாது."

இருபத்திரண்டு வருடமாகத் தொண்டையில் இருந்தது எழுந்து நின்றது. ஆனால் குரல் உயரவில்லை. கடையில் வாடிக்கையாளரிடம் பேசுகிற அதே குரல்தான். "அப்ப மத்த பதினொரு பேர் உடம்பையும் எழுதுங்க சார். அண்ணே ஒரு கண்ணுல ஓட்டினது, இவருக்குக் குமட்டினது, நீங்க ஏரிக்குள்ள போனது. எழுதினா எல்லாருக்கும் எழுதணும். அடைப்புக்குறியில 'ஆண்'னும் போடுங்க."

கேப்டன் சட்டைப்பையைத் தடவினார். "பேனா காணோம்," என்றார், கையில் பேனாவை வைத்துக்கொண்டே.

அவள் தன் பையிலிருந்து லென்ஸில் குறிபோடும் சிவப்புப் பேனாவை எடுத்து நீட்டினாள். அவர் வாங்கவில்லை. வாட்ச் ரிப்பேர்க்காரர் பதிவேட்டை அவள் பக்கம் நகர்த்தி வைத்தார். அவள் இரண்டு வரிகளையும் ஸ்கேல் வைத்து நேராக அடித்தாள். பக்கத்தில் '58' என்று எழுதினாள். பிறகு பேக்கரிக்காரரைப் பார்த்து, "வாங்கண்ணே, நேரா என் மூக்கைப் பாருங்க," என்று ஸ்கேலை உயர்த்தினாள்.