முந்திப்போன அறிவித்தல்

என் மனைவி சுபைறாவின் வாய்க்குப் பயந்து, மீன்காரர் எங்கள் ஒழுங்கைக்குள் ஹோன் அடிக்காமல்தான் வருவார். புருசன் சொல்கிறேன், ஒரு சொல்லும் கூட்டவில்லை.

அப்படிப்பட்டவள்தான் மருதமுனையில் யார் மௌத்தானாலும் ஜனாஸா அறிவித்தல் போடுவதற்கென்று முகநூலில் ஒரு பக்கம் தொடங்கினாள். முதலில் பேர், வயது, நல்லடக்க நேரம் மட்டும் போட்டாள். பிறகு வீட்டாரிடம், "அவங்கட நல்ல குணம் ஒண்டு சொல்லுங்க" என்று கேட்டு அதையும் எழுதினாள். ஊரே ஏசிய மனிதருக்கும் யாராவது ஒரு நல்ல கதை சொல்லிவிடுவார்கள். எழுத எழுத அவளுடைய வாயும் அடங்கியது. ஐந்து வருடத்தில் ஆளே மாறிப்போனாள், அல்ஹம்துலில்லாஹ்.

ஒருவரிடம் மட்டும் மாறவில்லை. அவளுடைய கூடப்பிறந்த மூத்தவள், நபீஸா றாத்தா. உம்மாவின் வீட்டை இளையவளான சுபைறாவுக்கே எழுதியதில் வந்த பிணக்கு. எட்டு வருடமாகக் கதைபேச்சு இல்லை.

"ஒருக்காப் போய்ப் பாரு" என்பேன்.

"முதல்ல அவ வரட்டும்" என்பாள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

போன நோன்புப் பெருநாள் கழிந்து நபீஸா றாத்தாவை மூச்சுத்திணறலோடு ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். பிழைப்பது கஷ்டம் என்று ஊரில் கதைத்தார்கள். சுபைறா போகவில்லை. போனை எடுத்துக்கொண்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். எதையும் முன்கூட்டியே எழுதி வைப்பது அவளுடைய பழக்கம். அழுதழுது றாத்தாவின் அறிவித்தலை எழுதியவள், சேமித்து வைக்கப் போய், கண் தெரியாமல் பதிவிட்டுவிட்டாள்.

ஐந்து நிமிடத்தில் பதிவுக்குக் கீழே எத்தனை 'இன்னாலில்லாஹி' அனுதாபங்கள்! கப்றுக்குழி வெட்டுவது எந்த நேரம் என்று பள்ளிவாசலிலிருந்து எனக்குக் கோல். "யா அல்லாஹ், அழி அத!" என்று கத்தினேன். அழித்த கையோடு அவளுடைய போன் அடித்தது. ஸ்பீக்கரில் போட்டாள்.

நபீஸா றாத்தாவேதான். ஆஸ்பத்திரிக் கட்டிலிலிருந்து.

"மகள் வாசிச்சுக் காட்டினா" என்றார். மூச்சு வாங்கியது. "வாப்பா மௌத்தானதும் படிப்ப விட்டுட்டு, தையல் மெசின் மிதிச்சுத் தங்கச்சியப் படிப்பிச்சவ எண்டு போட்டிருக்காய்."

"ஓம் றாத்தா."

"அவ இல்லாட்டி நான் இல்ல எண்டும் போட்டிருக்காய்."

"ஓம்."



"இதக் கேக்கிறதுக்கு நான் மௌத்தாகணுமா, தங்கச்சி?"